பிரித்தால் புரியும் கார்

பழைய சிறிய கார் ஒன்றை வீட்டிலேயே பிரித்து, துருவெடுத்து, மறுபடி பூட்டிச் சாலைக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், டிரையம்ஃப் ஹெரால்டைத்தான் சொல்வேன். அதைவிட வேகமான கார்கள் உண்டு, புகழ்பெற்ற கார்களும் உண்டு. ஆனால் ஹெரால்டின் பானட்டை ஒருமுறை திறந்து பார்த்தால் காரணம் விளங்கிவிடும். பெரும்பாலான கார்களில் மேல்மூடி மட்டுமே எழும்பும். இதில் முகப்பு விளக்குகள், இரு பக்க மட்கார்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து எழும்பும். என்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் அத்தனையும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றலாம்.

சென்னையில் வயதில் மூத்தவர்களுக்கு இந்தக் கார் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் பழக்கம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற சென்னை நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்து விற்றது. ஆலையிலிருந்து நான்கு கதவுகளோடு வெளிவந்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உண்டு. ஆனாலும் வீட்டுக் கொட்டகையில் ஹெரால்டைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கும் பழக்கம் தழைத்திருப்பது அது பிறந்த இங்கிலாந்தில்தான். பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுவதால், அங்கே இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக நீடிக்கிறது.

இந்தக் கார் இவ்வளவு எளிதாகப் பிரிவதற்குப் பின்னால் ஒரு வணிக நெருக்கடி இருக்கிறது. கோவன்ட்ரி நகரின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டியாளரான பி.எம்.சி. 1953-ல் வாங்கிவிட்டது. அந்தக் காலத்தில் மற்ற நிறுவனங்கள், சேசிஸ் என்று தனியே ஒன்று இல்லாமல் தகடுகளை ஒன்றோடொன்று வெல்டு செய்து முழு பாடியையே எலும்புக்கூடாக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய ஒற்றைப் பாடியைச் செய்து தர ஹெரால்டுக்கு ஆள் இல்லை. ஆகவே பொறியாளர்கள் பழைய வழிக்கே திரும்பினார்கள். அடியில் தனி சேசிஸ், அதன் மேல் சிறு சிறு துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டுப் பூட்டும் பாடி. இத்தாலியின் ஜோவான்னி மிக்கெலொட்டி வடிவம் வரைந்தார். 1959 ஏப்ரலில் கார் வெளிவந்தது. துண்டு துண்டாகப் பூட்டும் அமைப்பு, பெட்டிகளில் அனுப்பி வெளிநாட்டில் கோக்கவும் வசதியாக இருந்தது. வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவின் பலனை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டு மெக்கானிக் அனுபவிக்கிறார். கூரையைக்கூட போல்ட் கழற்றித் தனியே எடுத்துவிடலாம்.

எளிதாகப் பிரியும் என்பதற்காக எடுத்தவுடன் ஸ்பேனரைக் கையில் பிடிக்கக் கூடாது. ஹெரால்டின் கதவு தொங்குவது பாடியின் முன்துண்டில், தாழ் விழுவது பின்துண்டில். இரண்டு துண்டுகளும் சேசிஸ் மேல் தனித்தனியே உட்கார்ந்திருக்கின்றன. நடுவே ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும் கதவு சாத்தாது. ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. கதவின் நாலு பக்கமும் உள்ள இடைவெளியை அளந்து, போல்ட்டுக்கு அடியில் எங்கே எத்தனை தகட்டு வில்லை செருகியிருக்கிறது என்று குறித்து, படமும் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது துரு. இதில்தான் பலருடைய ஆர்வம் கரைகிறது, பணமும் கரைகிறது. துருவைத் தகட்டின் மேல் படியும் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறவர்கள் தோற்றுப்போகிறார்கள். துரு ஒரு மின்வேதி நிகழ்வு. ஈரம் பட்ட இரும்புத் தகட்டில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி, வேறோர் இடத்தில் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. மின்சுற்று முழுமை பெற வேண்டுமானால் நீர் வழியாகவும் மின்னூட்டம் கடக்க வேண்டும். சுத்தமான நீர் அதற்கு ஏற்ற கடத்தி அல்ல. உப்புநீர் நல்ல கடத்தி. பனிக்காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் உப்பு கொட்டுகிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும் இடம்தான் அதிகம் துருப்பிடிக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடுக்கில் நீர் புகுந்தால், உள்ளே ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. உடனே அந்த இடுக்கு இரும்பு கரையும் முனையாகவும், காற்றோட்டமுள்ள வெளிப்பகுதி எலக்ட்ரான்களை வாங்கும் முனையாகவும் மாறிவிடுகின்றன. அதனால்தான் ஹெரால்டில் பளிச்சென்று தெரியும் பானட் பிழைத்திருக்க, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும், சேறு தேங்கும் மூலைகளும், பாடியைத் தாங்கும் போல்ட் இடங்களும் உள்ளிருந்து அரித்துப்போகின்றன. வெளியே பெயின்ட் லேசாகப் பொங்கியிருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் அங்கே தகடு இல்லை என்று பொருள். பழைய கார் வாங்கும்போது விற்பவர் முகம் சுளித்தாலும் இதைச் செய்துவிடுவது நல்லது. மேலே பட்டி பூசி மறைத்த காரை வாங்கிவிட்டு அழுதவர்கள் ஏராளம்.

கழற்றி எடுக்கக்கூடிய சிறு பாகங்களின் துருவை நீக்க, வேதியியலைத் திருப்பிவிடும் வழி ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சலவைச் சோடாவைக் கரைத்து, பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும் ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்தால், துரு உதிரத் தொடங்கும். இரும்புத் துண்டுக்குப் பதிலாக எவர்சில்வரைப் போடாதீர்கள்; அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் கலக்கும். தொட்டியிலிருந்து எழும் குமிழிகளில் ஹைட்ரஜன் இருக்கும், ஆகவே காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. அதே ஹைட்ரஜன் உலோகத்துக்குள்ளும் நுழையும். சாதாரணத் தகட்டுக்கு அதனால் பெரிய கேடு இல்லை. கடினப்படுத்திய ஸ்பிரிங்கும் உயர்வலிமை போல்ட்டும் அதனால் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். அவற்றை இந்தத் தொட்டியில் போடவே கூடாது.

அரித்துப்போன இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகட்டில் நீளமாக ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டினால், சூட்டில் விரிந்து குளிர்கையில் சுருங்கித் தகடு நெளிந்துவிடும். ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு தள்ளி அங்கே என்று வைத்து, ஆறவிட்டு, இடைவெளியைப் பிறகு நிரப்புவதுதான் முறை. வேலைக்கு முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். ஹெரால்டில் அது டிக்கிக்குள்ளேயே ஒரு பக்கமாக இருக்கிறது. காலி டாங்க்தானே என்று யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. காற்றில் பெட்ரோல் ஆவி ஒன்றரை முதல் ஏழரை சதவீதம்வரை கலந்திருக்கும்போதுதான் அது தீப்பிடிக்கும். நிரம்பிய டாங்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டாங்கிலோ அந்தக் கலவை தயாராகக் காத்திருக்கிறது. அக்காலத்து பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தகட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

பெயின்ட் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. துத்தநாகம் கலந்த பிரைமர் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும், சேசிஸ் குழாய்களுக்குள் மெழுகு பீய்ச்சினால் நீர் அண்டாது. இந்த இரண்டையும் செய்தால் போதும். மேலே என்ன நிறம் என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

ஹெரால்டில் கவனிக்கத் தவறக் கூடாத ஒரு பாகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது வெண்கலத்தால் ஆன ‘டிரனியன்’ என்ற கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழலும். ஆலையின் கையேடு இதற்குக் கெட்டியான கியர் ஆயில் போடச் சொல்கிறது. பார்ப்பதற்கு கிரீஸ் அடிக்கும் இடமாகத் தோன்றுவதால் பலர் கிரீஸையே அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் நுழைவாயிலிலேயே நின்றுவிடும். மரையின் இடுக்குவரை போகாது. அங்கே நீர் புகும், எஃகு குழி குழியாக அரிக்கும். உலோகத்தில் ஒவ்வொரு குழியும் தகைவு குவியும் இடம். சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தக் குழியிலிருந்து விரிசல் சிறிது சிறிதாக வளர்ந்து, ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும். இரும்பு பலவீனமானது என்பதால் இப்படி ஆவதில்லை. எண்ணெய் சேர வேண்டிய இடத்துக்குச் சேராததால் ஆவது. பழைய ஹெரால்டு ஒன்று கைக்கு வந்ததும் முதலில் இந்த இரண்டு தண்டுகளையும் கழற்றிச் சோதிக்க வேண்டும். ரேடியோவும் சீட் கவரும் அப்புறம்.

என்ஜினிலும் அப்படி ஒரு ரகசியம் உண்டு. கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் தண்டு முன்னோக்கித் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத் தாங்குபவை பின்புற பேரிங்கின் பக்கத்திலுள்ள மெல்லிய அரைவட்ட வில்லைகள். தேய்ந்து மெலிந்தால் அவை நழுவி ஆயில் சம்பில் விழுந்துவிடும். பிறகு சுழலும் கிராங்க் நேரே என்ஜின் கட்டையைத் தின்னத் தொடங்கும். சோதனை எளிது. ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்கக் கப்பி எவ்வளவு நகர்கிறது என்று அளமானி வைத்துப் பார்க்க வேண்டும். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை நகரலாம். கண்ணுக்கே அசைவு பெரிதாகத் தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

இனி மாற்றியமைக்கும் ஆசை. ஹெரால்டின் முதல் என்ஜின் 948 சி.சி. சிலிண்டரின் உள்விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் பயணிக்கும் தூரம் 76 மி.மீ. 1961-ல் அதே 76 மி.மீ. பயணத்தை வைத்துக்கொண்டு உள்விட்டத்தை 69.3 ஆக்கினார்கள், 1147 சி.சி. ஆயிற்று. 1967-ல் 73.7 ஆக்கி 1296 சி.சி.க்குக் கொண்டுபோனார்கள். உள்விட்டம் ஆறில் ஒரு பங்கு கூடினால் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது, ஏனென்றால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. என்ஜினின் வெளி அளவு பெரிதாக மாறாததால் 948 இருந்த இடத்தில் 1296-ஐ இறக்கிவிட முடியும். ஹெரால்டுக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் மாற்றங்களில் இதுவும் ஒன்று. 1147 சி.சி. கொண்ட 1200 மாடலின் தொடக்க கால 39 குதிரைத்திறன், 1296 சி.சி. கொண்ட 13/60 மாடலில் 61 ஆனது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஏறக்குறைய 800 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 3 லட்சம் ஜூல். அதை நிறுத்தும்போது அவ்வளவும் பிரேக்கில் வெப்பமாகிறது. நம் வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய அதே அளவு வெப்பம் வேண்டும். வேகம் 130 ஆனால் ஆற்றல் 5 லட்சம் ஜூலைத் தாண்டுகிறது. வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, வெப்பமோ ஏறத்தாழ 70 சதவீதம் அதிகம். டிரம் பிரேக் சூடானால் டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகும், மிதி ஆழமாக இறங்கும். டிஸ்க் பிரேக்கில் தட்டு விரிந்தால் பேடை நோக்கித்தான் வரும். இந்த அடிப்படையை ஆலைக்காரர்களே மதித்தார்கள். 51 குதிரைத்திறனோடு 1963-ல் வந்த 12/50 மாடலுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் வழக்கமான பொருத்தமாகவே வந்தது. வீட்டில் மாற்றுகிறவர்கள்தான் என்ஜினை முதலிலும் பிரேக்கைக் கடைசியிலும் வைக்கிறார்கள். பிரேக் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிவரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது.

பிரேக்கையும் சரிசெய்தாயிற்று என்றால் சுமை அடுத்த இடத்துக்குப் போகும். அது பின்சக்கரம். ஹெரால்டின் பின்புற அமைப்பை ஊசலாடும் அச்சு எனலாம். டிஃபரன்ஷியல் சேசிஸோடு கட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து இரு பக்கமும் நீளும் அரைத்தண்டுகளுக்கு உள்முனையில் மட்டுமே மூட்டு. குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரம் தண்டுக்கு எப்போதும் செங்குத்து. ஆகவே தண்டு மேலும் கீழும் ஆடும்போது சக்கரம் சாய்ந்துகொண்டே இருக்கும்.

வளைவில் வேகமாகத் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கச் சக்கரத்தின் டயரைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை தரைமட்டத்தில் செயல்படுகிறது. மூட்டோ அதைவிட உயரத்தில் இருக்கிறது. விளைவாகச் சக்கரம் காரின் அடிக்குள் மடங்கப் பார்க்கும், மூட்டு மேலே எழும்பும், காரின் பின்பகுதியே தூக்கப்படும். அந்த நேரத்தில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து பின்பகுதி இன்னும் எழும்பும். டயர் முழு அகலத்தில் பதியாமல் விளிம்பில் நிற்கும், பிடிப்பு போகும், கார் சுழன்றுவிடும். 39 குதிரைத்திறனில் இந்த எல்லையைத் தொடுவது அபூர்வம். 61-ல் அவ்வளவு அபூர்வம் அல்ல.

ஹெரால்டின் சேசிஸ் வழியில் வந்த ஸ்பிட்ஃபயரில் 1970-ல் இதற்கு ஓர் அழகான தீர்வு வந்தது. பட்டை ஸ்பிரிங்கின் எல்லாப் பட்டைகளையும் டிஃபரன்ஷியல் மேல் இறுகக் கட்டாமல், ஒன்றை மட்டும் கட்டி, மற்றவை நடுவில் அச்சுக்கொண்டு சாயும்படி விட்டார்கள். இரு சக்கரமும் சேர்ந்து குழியில் இறங்கினால் எல்லாப் பட்டைகளும் தாங்கும். வளைவில் கார் ஒரு பக்கம் சாய்ந்தால் கட்டப்பட்ட பட்டை மட்டுமே எதிர்க்கும். பின்பகுதியின் சாய்வெதிர்ப்பு குறைவதால் வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் மேல் விழும் சுமையும், காரைத் தூக்கும் விசையும் குறைகின்றன. இந்த ஸ்பிரிங்கை ஹெரால்டில் பூட்டலாம். பூட்டினால் முன்பக்கம் தடித்த சாய்வுத்தடுப்புக் கம்பியும் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கார் வளைவில் அளவுக்கு மீறிச் சாயும். ஒன்றை மாற்றினால் இன்னொன்றை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

சென்னை ஆலை வேறு வழியில் போனது. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் அதே 948 சி.சி. என்ஜினை வைத்துக்கொண்டு, ஊசலாடும் அச்சை விட்டுவிட்டு ஒரே திடமான பின் அச்சைப் போட்டார்கள். பொறியியல் நூல்கள் தனிச் சஸ்பென்ஷனை முன்னேற்றம் என்றும் திட அச்சைப் பழமை என்றும் சொல்லக்கூடும். நம் சாலைக்கும் நம் பட்டறைக்கும் திட அச்சே பொருத்தம் என்பது என் கட்சி. சக்கரம் நேராக நிற்கும், டயர் சீராகத் தேயும், எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும்.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த என்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. ஈயச் சேர்மங்கள் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து, சூட்டில் உலோகமும் உலோகமும் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தன. இந்தியாவில் 2000-ல் ஈயப் பெட்ரோல் நின்றது. ஆகவே ஹெட்டை இறக்கும்போதே கடினமான உலோக வளையங்களை வால்வு இருக்கைகளில் பதித்துவிட லேத் பட்டறையில் சொல்லிவிட வேண்டும். இப்போது எத்தனால் கலப்பு வந்திருக்கிறது. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய கார்பரேட்டருக்கு அந்த வேறுபாடு தெரியாது, முன்போலவே அளந்து கொடுக்கும். கலவையில் எரிபொருள் குறைந்து சூடு ஏறும். ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும், ஏனென்றால் பழையவை ஊறி வெடித்துச் சூடான என்ஜின் மேல் பெட்ரோலைச் சொட்டும்.

தமிழ்நாட்டில் யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 2021-ல் வந்த விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு ‘விஏ’ எழுத்துகளுடன் தனிப் பதிவு உண்டு; புதிதாகப் பதிய 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய். சென்னையில் தயாரான ஹெரால்டுகள் அந்த வயதைத் தாண்டியவை. ஆனால் சேசிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. கிடைத்தாலும் அன்றாடம் ஓட்ட முடியாது. ஆகவே எதையும் வெட்டாமல், போல்ட் கழற்றிப் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். கழற்றிய மூலப் பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல், எண்ணெய் தடவி, பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.